ஓக் பார்க்கும் எங்கள் மூன்றாம் கட்டும்

பிள்ளையார் நோன்புக்கு மகள் குடும்பத்தோடு சிகாகோ பக்கமிருந்து வந்திருந்தாள். இழை எடுத்துக்கொண்ட மறுநாள், பேத்தி தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, "ஆயா, இந்தப் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். நீங்கள் டீச்சராக இருந்தவர்கள். அவசியம் பாருங்கள்" என்றாள். விளக்கு வைத்த பிறகு எங்கள் செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, நாளுக்கு ஒரு பகுதியாகப் பத்து நாட்கள் பார்த்தோம். அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தத் தொடரைப் பற்றி எங்கள் வீட்டில் தொடங்கிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. தொலைபேசியில் பேசி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தொடரின் பெயர் 'அமெரிக்கா டு மி'. 2018-இல் ஸ்டார்ஸ் தொலைக்காட்சியில் வந்த ஆவணத் தொடர். இயக்கியவர் ஸ்டீவ் ஜேம்ஸ். சிகாகோவை ஒட்டி மேற்கே இருக்கும் ஓக் பார்க் என்ற ஊரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில், 2015-16 கல்வியாண்டு முழுவதும் காமிராக்களோடு இருந்து எடுத்திருக்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி அது. கட்டணம் கிடையாது. அவர்களில் பன்னிரண்டு பேரை வகுப்பறை, வீடு, விளையாட்டுத் திடல், கவிதை அரங்கம் என்று பின்தொடர்கிறது தொடர். பெரும்பாலானவர்கள் கறுப்பினப் பிள்ளைகள் அல்லது கலப்பினப் பிள்ளைகள். இயக்குநர் அந்த ஊர்க்காரர். அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். சொந்த ஊரைப் பற்றிச் சொந்த ஊர்க்காரர் எடுத்த படம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு பகுதிகள் முடிந்ததும் என் தம்பி எழுந்துவிட்டான். "இது அவர்கள் ஊர் நிறப் பிரச்சினை. நமக்கும் இதற்கும் என்ன அக்கா சம்பந்தம்?" என்றான். என்னோடு இருபது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்த தோழிக்கு வேறு குறை. ஆசிரியரிடம் பிள்ளைகள் பேசுகிற விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு வசதி, இவ்வளவு சுதந்திரம், இன்னும் என்ன குறை இவர்களுக்கு?" என்று கேட்டாள். மருமகன் அந்த நாட்டிலேயே இருப்பவர். "முயற்சி செய்கிற பிள்ளை எந்த நிறமாக இருந்தாலும் மேலே வந்துவிடும்" என்றார். தன்னைப் போன்ற இந்தியப் பிள்ளைகளை இந்தத் தொடர் கண்டுகொள்ளவே இல்லை என்று பேத்திக்கு வருத்தம். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மற்ற மூவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கடுமையாகவே உடன்பாடு இல்லை.

ஓக் பார்க் கெட்ட ஊராக இருந்திருந்தால் நானும் தம்பியைப் போல் எழுந்து போயிருப்பேன். அது நல்ல ஊர். நிறம் பார்த்து வீடு தர மறுக்கக் கூடாது என்று 1968-லேயே ஊராட்சிச் சட்டம் போட்ட ஊர். கறுப்பினக் குடும்பம் ஒன்று குடிவந்தால் வெள்ளையர்கள் தெருவையே காலி செய்துகொண்டு ஓடிய காலத்தில், நாங்கள் சேர்ந்தே இருப்போம் என்று முடிவெடுத்தவர்கள். எழுத்தாளர் ஹெமிங்வே படித்த பள்ளி அது. ஊர் முழுக்க அந்தப் பெருமை இருக்கிறது. எனக்கு உடனே காரைக்குடி நினைவுக்கு வந்தது. 1947-இல் வள்ளல் அழகப்பர் கல்லூரி தொடங்கியதையும், தன் வீட்டைக்கூடக் கல்விக்குக் கொடுத்ததையும் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெருமை பொய் இல்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகிறவனை ஊருக்குப் பிடிக்காது. அங்கேயும் பள்ளி நிர்வாகம் காமிராவை விரும்பவில்லை. ஊரார் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம்தான் அனுமதி கொடுத்தது.

உள்ளே நடப்பது இதுதான். வாசல் எல்லோருக்கும் ஒன்று. மணி ஒன்று. சாப்பிடும் கூடம் ஒன்று. ஆனால் ஹானர்ஸ், ஏ.பி. என்று சொல்லப்படும் உயர்நிலைப் பாட வகுப்புகளுக்குள் காமிரா நுழைந்தால் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். சாதாரண வகுப்புக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கறுப்பு முகங்கள். எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. எந்த ஆசிரியரும் அப்படி நினைக்கவில்லை. பல பத்தாண்டுகளாக அந்த இடைவெளி குறையவும் இல்லை. ஒரு பையன் மல்யுத்தமும் ஆடுகிறான், பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவிலும் இருக்கிறான். மல்யுத்தத்தில் அவனைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவகை, இசைக்குழுவில் இருப்பவர்கள் வேறுவகை. இரண்டு இடங்களிலும் அவன் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறான். ஆனால் ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்கு நடந்து போகும் அந்தத் தாழ்வாரத்தில் அவன் முகம் மாறுவதைக் காமிரா பிடித்திருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளித் தாழ்வாரங்களில் நடந்தவள் நான். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

தம்பி கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

நம் மேல்நிலைப் பள்ளிகளில், கணக்கும் அறிவியலும் படிக்கும் முதல் குரூப் என்று ஒன்று இருக்கிறது. தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நடுவே காமர்ஸ். ஒரே கட்டடம், ஒரே சீருடை. முதல் குரூப் வகுப்பறையில் பெயர்ப் பதிவேட்டை எடுத்துப் படியுங்கள். பிறகு தொழிற்கல்விப் பிரிவின் பதிவேட்டைப் படியுங்கள். எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, என்ன சாதி என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். வாயால் சொல்லமாட்டோம். தமிழ்வழிப் பிரிவு, ஆங்கிலவழிப் பிரிவு என்று ஒரே பள்ளிக்குள் பிரித்து வைத்ததும் இதே கதைதான். "மெல்லக் கற்கும் மாணவர்கள்" என்று பட்டியல் எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது. அதில் வரும் தெருக்கள்கூட மனப்பாடம்.

2009-ஆம் ஆண்டு. பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் நானும் இன்னொரு ஆசிரியரும். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தப் பள்ளியிலும் அன்று இப்படித்தான் நடந்திருக்கும். ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். கணக்கில் 81. முதல் குரூப் கேட்டாள். அம்மா கட்டட வேலைக்குச் சிற்றாளாகப் போகிறவர். நான் அன்பாகத்தான் கேட்டேன். "வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா? டியூஷன் வைக்க முடியுமா? முதல் குரூப் கஷ்டம் அம்மா. வேறு குரூப்பில் சேர்ந்தால் நிம்மதியாகப் பாஸ் பண்ணிவிடலாம்." அவள் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நன்மைதான் சொல்கிறேன் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். அன்று மாலையே ஒரு பையனுக்கு முதல் குரூப் போட்டேன். கணக்கில் 74. அப்பா வங்கி அதிகாரி. அந்தப் பையனிடம் டியூஷனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவில்லை.

அந்த இரண்டு எண்களும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எனக்குள் தனித்தனியாகவே கிடந்தன. தொடரின் நான்காம் பகுதி ஓடிக்கொண்டிருந்த இரவில்தான் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. மேற்கொண்டு பார்க்க முடியாமல் நான் எழுந்து வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

தேர்ச்சி விழுக்காடு என்ற கத்தி எங்கள் கழுத்தில் தொங்கியது உண்மை. விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்து, தோற்கக்கூடும் என்று தோன்றுகிற பிள்ளையை முன்கூட்டியே ஓரமாக நகர்த்திவிடுவோம். யார் தோற்கக்கூடும் என்று எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, கூட வந்த அம்மாவின் சேலையைப் பார்த்து. இதைச் செய்ததில்லை என்று சொல்லும் ஆசிரியரோடு நான் நேரில் பேசத் தயார்.

மருமகன் சொன்ன முயற்சி எங்கே வருகிறது இதில்? 81 வாங்கியது முயற்சி இல்லையா?

இது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், 1930-31-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது விதித்த தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதார்களின் மாடு மேய்க்கத்தான் போக வேண்டும். காரைக்குடியும் தேவகோட்டையும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. என் அப்பச்சி பிறந்த காலம் அது. படிக்கக் கூடாது என்று யாரும் இன்று சொல்வதில்லை. இந்தப் பாடம் உனக்குக் கஷ்டம் என்கிறோம்.

2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனுடன் படித்த பிள்ளைகளே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. அப்போது நடந்த விவாதம் முழுவதும் மணிக்கட்டைப் பற்றியே நடந்தது. கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். சந்தேகமே இல்லை. அந்தக் கயிறு இல்லாமலேயே பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்த என் பேனாவைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இந்தத் தொடரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இரண்டு ஆசிரியர்களே காரணம். ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு கலப்பினப் பெண், நியூசிலாந்துக்குப் போய் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மாணவர்களின் கல்வியைப் பார்த்துவிட்டு வந்து, தன் பள்ளி ஆசிரியர்களுக்கும் இப்படி ஒரு பயிற்சி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மேலே இருப்பவர்கள் புன்னகையோடு தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் புன்னகையும் எனக்குப் பழக்கமானதுதான். இன்னொருவர் இயற்பியல் ஆசிரியர், வெள்ளையர். நிறத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசியே தீர வேண்டும் என்று துடிக்கிறார். அந்த ஆர்வமே சில நேரம் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுகிறது. என் தோழி அவரைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அவர்மீது மரியாதை கூடிக்கொண்டே போனது. தான் தவறு செய்வதை ஓராண்டு முழுக்கக் காமிரா பார்க்க அனுமதித்த மனிதர் அவர். என் வகுப்பறைக்குள் ஒரு நாள் காமிரா வந்திருந்தால் நான் அனுமதித்திருப்பேனா?

குறைகளையும் சொல்கிறேன். பத்து மணி நேரம் நீளம்தான். சில பகுதிகள் இழுக்கின்றன. நிர்வாகத்தில் இருப்பவர்களின் தரப்பு போதுமான அளவு கேட்கப்படவில்லை. பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், வீட்டுக் கடன் எவ்வளவு என்பதெல்லாம் இன்னும் வந்திருக்கலாம். பேத்தி சொன்னதுபோல், கறுப்பு, வெள்ளை தாண்டிய பிள்ளைகள் ஓரத்தில் நின்றுவிட்டார்கள்.

ஆனால் பிள்ளைகள் கவிதை சொல்லும் இடங்கள்! மேடை ஏறி, தாளைப் பார்க்காமல், தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொல்கிறார்கள். கேட்பவர்கள் நடுவே விரலைச் சொடுக்கி ஆமோதிக்கிறார்கள். நம் தொலைக்காட்சியில் பதினாறு வயதுப் பிள்ளை எப்போது பேசுகிறது? பாட்டுப் போட்டியில் பாடும். தேர்வு முடிவு வந்த அன்று, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நன்றி என்று சொல்லும். 2017-இல் மாநில ரேங்க் பட்டியலை அரசு நிறுத்திய பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அந்தப் பட்டியல் போனது நல்லதுதான். அந்த இடத்தில் பிள்ளைகளின் குரல் எதையும் நாம் கொண்டுவந்து வைக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் இரண்டாம் கட்டின் நிலைப்படியில் நின்றபடியே பார்த்திருக்கிறார். எத்தனை நாட்கள் நின்றார் என்று எனக்குத் தெரியாது. ஆறாம் நாள்தான் நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீடுகளில் முகப்பிலிருந்து மூன்றாம் கட்டுவரை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நின்றால் பின்கட்டு தெரியும். ஆனால் யார் எந்தக் கட்டுவரை வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கேயும் எழுதிவைத்தது கிடையாது. ஓக் பார்க் தாழ்வாரத்தைப் பார்த்துக் கண் கலங்கிய நான், என் முதுகுக்குப் பின்னால் இருந்த நிலைப்படியைப் பார்க்க ஆறு நாட்கள் ஆகியிருக்கின்றன.

வந்து உட்காரச் சொன்னேன். முதலில் மறுத்தார். பேத்தி எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருந்ததால் பேத்தி காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருடைய மகள் இப்போது பத்தாம் வகுப்பு. படம் முடிந்ததும் அவர் கேட்டார்: "ஆச்சி, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டுமா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் ஏன் இரண்டு விதமாக உட்காரவைத்திருக்கிறார்கள்?"

தம்பி பேசவில்லை. தோழியும் பேசவில்லை. என்னிடமும் பதில் இல்லை.

2022-இல் அந்தப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் பல பாடங்களுக்கு இருந்த தரப்பிரிவினையை எடுத்துவிட்டு, எல்லோரையும் ஹானர்ஸ் நிலையிலேயே உட்காரவைக்கத் தொடங்கியது. ஊரில் எதிர்ப்பு வந்தது. தரம் குறைந்துவிடும் என்றார்கள். இருந்தும் செய்தார்கள்.

அந்தப் பெண்ணின் மகள் சனி, ஞாயிறு மாலைகளில் இப்போது எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். வடிவியலில் தேற்றங்களை எழுதுவதில் கொஞ்சம் தடுமாற்றம். இயற்கணிதம் நன்றாக வருகிறது. பொதுத்தேர்வு முடிந்து மே மாதம் மதிப்பெண் வரும். முதல் குரூப் கேட்கப்போகிறாள். விண்ணப்பம் கொடுக்கும் நாளில் அவளோடும் அவள் அம்மாவோடும் நானும் அந்த மேசைக்கு முன்னால் நிற்பேன்.