அவங்கவங்க டேஸ்ட்டாம்!

"அதெல்லாம் அவங்கவங்க டேஸ்ட், மாப்ள." இந்த வாக்கியத்தை முதலில் சொன்ன ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, வேண்டாம்.

ஒரு அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றி வாயைத் திறந்தால் போதும். முதல் சீசனில் போட்ட விதியை மூன்றாம் சீசனில் எப்படிக் காற்றில் பறக்கவிட்டார்கள், கதை எந்த இடத்தில் பல்லிளிக்கிறது என்று நான் மூச்சைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். எதிரே இருப்பவன் பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டபடி இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த பரோட்டாவுக்குக் குரல் கொடுப்பான். பட்டிமன்றத்துக்குப் பேர்போன மதுரையில், வாதமே பண்ணாமல் ஜெயிக்க இப்படி ஒரு குறுக்குவழி!

எனக்குப் பிடிக்கிறது என்பது வேறு, நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்பது வேறு. 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரின் மூன்றாவது சீசன் 1968-ல் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஒரு பெண் விண்கப்பலுக்குள் வந்து எல்லாரையும் மயக்கிப் போட்டுவிட்டு, கப்பல் அதிகாரி ஸ்பாக்கின் மூளையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மூளையில்லாத உடம்பில் டாக்டர் ஒரு கருவியை மாட்ட, ரிமோட்டை அமுக்கி அமுக்கி ஸ்பாக்கை நடக்கவைத்துக் கூட்டிப்போகிறார்கள். கடைசியில் மூளையைத் திரும்பப் பொருத்தும்போது டாக்டருக்குப் பாதியில் வேலை மறந்துபோகிறது. உடனே ஸ்பாக்கைப் பேசவைக்கிறார்கள்; அவரும் படுத்த படுக்கையிலேயே தன் ஆபரேஷனுக்குத் தானே வழி சொல்கிறார்! எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். மனசு சரியில்லாத நாளில் இதைத்தான் போடுவேன். அதற்காக நல்ல எபிசோடா? சத்தியமாகக் குப்பை.

'டார்க்' என்ற ஜெர்மன் தொடரோ எனக்கு ஒட்டவே இல்லை. எந்நேரமும் மழை, எல்லார் முகத்திலும் எழவுக்களை. ஆனாலும் 33 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் காலத்தையும், யாருக்கு யார் அப்பா, யாருக்கு யார் மகள் என்ற தலைசுற்றும் உறவையும் 26 எபிசோடுக்கு இழுத்துப் பிடித்துக் கொண்டுபோனவர்களை நான் எப்படி மட்டம் தட்டுவது?

இன்னும் சந்தேகமா? அதே வரிசையில் பின்னால் வந்த 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்', இரண்டாம் சீசன், 1989. பிப்ரவரியில் ஒரு எபிசோடு வந்தது. டேட்டா என்ற ஆண்ட்ராய்டு (மனித உருவ ரோபோ) அதிகாரியைக் கழற்றிப் பார்த்து, அதேபோல நிறையச் செய்ய ஆசைப்படுகிறான் ஒரு விஞ்ஞானி. டேட்டா ராஜினாமா செய்யப் போனால், "நீ எங்கள் சொத்து, உனக்கு ஏது ராஜினாமா" என்கிறார்கள். விஷயம் விசாரணைக்குப் போகிறது. கூட வேலை பார்க்கும் ரைக்கரே டேட்டாவுக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம். மறுத்தால் அங்கேயே டேட்டாவுக்குப் பாதகமாகத் தீர்ப்பு. அவன் உட்கார்ந்து வரைபடங்களைத் துழாவுகிறான். டேட்டாவை அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு. அடுத்த நொடி, என்ன செய்யப்போகிறோம் என்று உறைக்கிறது, சிரிப்பு செத்துப்போகிறது. வசனமே கிடையாது. துப்பாக்கி இல்லை, கப்பல் சண்டை இல்லை, நமக்கு நெஞ்சை அடைக்கும்.

அதே சீசனின் கடைசி எபிசோடு ஜூலையில். அதே நடிகர்கள், அதே செட். ரைக்கர் நோயில் மயங்கிக் கிடக்கிறான். அவன் நினைவில் ஓடுகிறது என்ற சாக்கில் பழைய எபிசோடுகளின் துண்டுகளை ஒட்டி நேரத்தை ஓட்டிவிட்டார்கள். எல்லாம் செலவை மிச்சம் பிடிக்கத்தான். இரண்டும் ஒன்றுதான், எது பிடிக்குதோ அதுதான் நல்லது என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடரில் வேகத்தைக் குறைக்கக் கப்பலைத் திருப்பி நிறுத்தி எஞ்சினை ஓட்டும் அறிவியல் நுணுக்கம் உனக்கு முக்கியம், எனக்கு மனிதர்கள் முக்கியம் என்றால் அது டேஸ்ட். ஒத்துக்கொள்கிறேன், அதில் சண்டைக்கே வரமாட்டேன்.

எதற்கெடுத்தாலும் "அவங்கவங்க டேஸ்ட்" என்று என்னிடம் சொல்வது யார் தெரியுமா? விளக்குத்தூண் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் என் மாமன் மகன். போன வாரம் அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு இருக்கும் பையன் ஒரு சட்டையைத் தைத்து நீட்டினான். காலர் ஒருபக்கம் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "எனக்கு நல்லாத்தாண்ணே தெரியுது" என்று பையன் சொல்லிவிட்டான். பாவம். அப்புறம் அவனுக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது.

"ஏன் மச்சான், அவன் டேஸ்ட்டுன்னு விட வேண்டியதுதான?" என்றேன்.

"ஏய், இது தொழில் மாப்ள. அது சும்மா டிவிதான?"

டிவிதானேயாம்! இத்தனை நாளும் டேஸ்ட் டேஸ்ட் என்று பெருந்தன்மை மாதிரி பேசியதெல்லாம் இந்த இளக்காரம்தான். டேட்டா விசாரணைக் கதையை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் சட்டம் படித்து வக்கீலாக வேலை பார்த்தவர். அவர் உட்கார்ந்து எழுதியதற்குப் பெயர் தொழில் இல்லாமல் வேறென்னடா?