ஆறு பவுனுக்கு ஒரு மெமோ

நேற்று முன்தினம் முகநூலில் நான் எழுதிய மூன்று வரிக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனிப் போய்த் தேட வேண்டாம். சிலவற்றை நீக்கிவிட்டேன். சிலவற்றை, எழுதியவர்களின் பிள்ளைகள் என்றாவது படிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கில் பறிமுதலான நகைப் பெட்டிகள் பெங்களூரு நீதிமன்றத்திலிருந்து போலீஸ் காவலுடன் சென்னைக்குக் கிளம்பிய படத்தைப் போட்டு, "அரசுக்குச் சேர வேண்டியது அரசுக்கு வருகிறது, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தேன். அதற்குத்தான் நான் ஈவு இரக்கம் இல்லாதவள், பெண் குலத்துக்கே துரோகி, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதுபவள். அந்த இருநூறு ரூபாய் வந்து சேர்ந்தால் அதற்கும் கணக்குக் காட்டுகிறேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி.

முகம் தெரியாதவர்கள் திட்டியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் சித்தப்பா மகனும் வந்து எழுதினான். "அக்கா, இறந்துபோனவர் நகையைப் பற்றிப் பேசுவது நம் குடும்பத்துக்கு அழகில்லை. பெரியப்பா பிழைக்கத் தெரியாமல் இருந்தார் என்பதற்காக ஊரில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டுமா?" இதற்கு முப்பத்தேழு பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் நான்கு பேர், என் அப்பா குமாஸ்தாவாக இருந்த தாலுகா அலுவலகத்தில் ஒரு பைசா கொடுக்காமல் வருமானச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள்.

சரி தம்பி, பேசுவோம்.

நான் கேட்டது கணக்கு. யாருடைய கண்ணீரையும் நான் பழிக்கவில்லை. 1991 ஜூலை 1 அன்று ஏறத்தாழ 2 கோடி ரூபாயாக இருந்த சொத்து, 1996 ஏப்ரல் 30 அன்று 66 கோடிக்கு மேல் இருந்தது என்று சொன்னது குற்றப்பத்திரிகை. நடுவில் முதலமைச்சராக வாங்கிய சம்பளம் மாதம் 1 ரூபாய். விசாரணை நீதிமன்றம் பல இனங்களைக் குறைத்து, கழித்து, தள்ளுபடி கொடுத்த பிறகும் வருமானத்துக்கு மீறியதாக நின்றது 53 கோடியே 60 லட்சம். 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா, ஜெயலலிதா உட்பட நால்வருக்கும் நான்கு ஆண்டு சிறை விதித்தார். ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதம், மற்ற மூவருக்கும் தலைக்கு 10 கோடி. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைத்தான் திரும்ப நிலைநிறுத்தியது. இதெல்லாம் நான் எழுதிய கதை இல்லை.

அந்த மற்ற மூவர் யார் என்பதைத்தான் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஜெயலலிதாவின் தோழி சசிகலா. அவருடைய அண்ணன் மனைவி இளவரசி. சசிகலாவின் அக்காள் மகன், சில காலம் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகனாகவும் இருந்த சுதாகரன். மூவரும் அரசு ஊழியர்கள் அல்லர். எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் நிறுவனங்கள் அவர்கள் பெயரில், நிலங்கள் அந்த நிறுவனங்களின் பெயரில். ஒரே நாளில் பத்து நிறுவனங்கள் தொடங்கப்பட்டதை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டுகிறது. ஜெயலலிதா இவர்களைப் போயஸ் தோட்டத்து வீட்டில் வைத்துக்கொண்டது ஆதரவற்றவர்களுக்கு அடைக்கலம் தரும் நல்லெண்ணத்தால் அல்ல, சொத்தை இவர்கள் பெயரில் வைக்கும் சதிக்காகத்தான் என்றும் சொல்கிறது. கூட்டுக்குடும்பத்துக்கு இப்படி ஓர் இலக்கணத்தை எங்கள் தமிழாசிரியர் சொல்லித்தரவே இல்லை.

"உறவினர் செய்ததற்கு அவர் என்ன செய்வார்?" என்று ஒருவர். "உறவினர் பெயரில் இருந்தால் அது அவருடையது எப்படி ஆகும்?" என்று இன்னொருவர். சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1999-இல், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், அரசுப் பதவியில் இல்லாத உறவினரையும் உடந்தைக்காகத் தண்டிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் உதாரணங்கள்கூட உண்டு: மற்றவர்கள் எல்லாம் வாங்கிக் குவிக்கிறார்களே, நீயும் வாங்கேன் என்று தூண்டிவிடும் உறவினர், சேர்த்ததை எங்கே வைப்பது என்று தவிப்பவரிடம், என் பெயரில் வைத்துக்கொள் என்று சொல்லும் உறவினர். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நீதிபதிகள் நம் வீட்டுக் கல்யாணப் பந்திகளில் உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுதிவிட்டார்களோ என்று தோன்றியது.

என் அப்பாவின் கதையை இதுவரை நான் இங்கே எழுதியதில்லை. தம்பி எழுத வைத்துவிட்டான்.

1993. அம்மா தன் பிறந்த வீட்டில் போட்ட நகையில் ஆறு பவுனை விற்று, ஊருக்கு வெளியே மூன்று சென்ட் மனை வாங்கினாள். பத்தொன்பதாயிரம் ரூபாய் சொச்சம். பத்திரம் அம்மா பெயரில். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது. மனைவி பெயரில் வாங்கினாலும் ஊழியர் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பா முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதம் எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது. நான்கு மாதம் கழித்து ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. உடனே மெமோ. "தங்கள் துணைவியார் பெயரில் வாங்கப்பட்டுள்ள மனைக்கான நிதி ஆதாரத்தை ஏழு நாட்களுக்குள் விளக்குக."

அந்த ஏழு நாளும் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா நகைக்கடைக்குப் போய் ரசீதுக்கு நகல் கேட்டார். தாய்மாமா சுவாமிமலையிலிருந்து வந்து, என் தங்கைக்கு இத்தனை பவுன் போட்டோம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணத்தன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை அம்மா சட்டத்திலிருந்து கழற்றி, கழுத்திலும் கையிலும் இருப்பதை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினாள். அப்பா அதையும் பட்டியலில் சேர்த்தார்: "இணைப்பு 4: திருமணப் புகைப்படம், ஒன்று." விசாரணை முடியப் பதினோரு மாதம் ஆயிற்று. அதுவரை ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். எல்லாம் சரி என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள், இணைப்பு 4-ஐ மட்டும் திருப்பித் தரவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் படம் கிடையாது.

1993 என்று சொன்னேன் இல்லையா? வழக்கில் பேசப்படும் அந்த ஐந்து வருடத்துக்கு நட்ட நடுவில் வருகிறது. ஒரு குமாஸ்தாவின் மனைவி ஆறு பவுனுக்குக் கணக்குக் காட்டிய அதே அரசாங்கத்தின் உச்சியில்தான் அந்தப் பத்து நிறுவனங்களும் பிறந்தன. அப்பாவிடம் கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும். மேலே போகப் போகக் கேள்வி ஏன் மெலிந்துகொண்டே போகிறது என்பதுதான் என் கேள்வி.

"இறந்தவரைப் பற்றிப் பேசலாமா?" பேசலாம். அவர் 2016 டிசம்பர் 5 அன்று காலமானதால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போனது உண்மை. அப்படி அற்றுப்போவது விடுதலை ஆகாது என்று, நகைகளைக் கேட்டு வாரிசுகள் போட்ட மனுவைத் தள்ளுபடி செய்தபோது கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலும், இறந்தவர் நினைவைப் போற்ற 27 கிலோ தங்கம் எதற்கு? ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலப் பத்திரம் எதற்கு?

"ஒரு பெண்ணாக இருந்துகொண்டு..." என்று தொடங்கியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1989 மார்ச் 25 அன்று சட்டப்பேரவையில் அவருக்கு நடந்தது அநியாயம். அந்தக் கலைந்த தலையோடு அவர் வெளியே வந்த படத்தைப் பார்த்து என் அம்மா அன்று சாப்பிடவில்லை. நாங்கள் எல்லோரும் இரட்டை இலைக்குப் போட்ட குடும்பம்தான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆண்கள் நிரம்பிய அந்த அரசியலில் அவர் நின்று காட்டியதை நான் இன்றும் மதிக்கிறேன். அதனால் ஒட்டியாணத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்று ஆகிவிடுமா? பெண் என்பதால் சலுகை என்றால், அந்தச் சலுகையை என் அம்மாவுக்கு யாரும் தரவில்லையே!

"மற்ற கட்சிக்காரர்கள் யோக்கியமா?" இல்லை. திமுகவின் பொன்முடி வழக்கில் 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அமைச்சரோடு அவர் மனைவியையும் சேர்த்துத்தான் குற்றவாளி என்றது, பிறகு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மைசூரில், 2024-இல், கர்நாடக முதலமைச்சர் சித்தராமையாவின் மனைவி, தன் சகோதரர் கொடுத்த நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த 14 மனைகளைச் சர்ச்சை கிளம்பியதும் திருப்பிக் கொடுத்தார். முடிந்ததா? நடுநிலை நிரூபணம் ஆயிற்றா? இதையே இன்னொரு நாள் தனியாக எழுதினால் இன்றைக்குக் கைதட்டும் கூட்டம் அன்றைக்குத் திட்டும். இன்று பேச்சு இந்த நகையைப் பற்றியது.

"நடுவில் ஒரு நீதிபதி விடுதலை செய்தாரே?" செய்தார். 2015 மே 11, கர்நாடக உயர் நீதிமன்றத்தில். அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. வருமானமாகச் சேர்த்துக்கொண்ட வங்கிக் கடன்களைக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சம் வர வேண்டிய இடத்தில் 24 கோடியே 17 லட்சம் என்று இருந்தது. பதின்மூன்றரைக் கோடி சும்மா வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மிகை வெறும் 8.12 சதவீதம், பத்து சதவீதத்துக்குள் இருப்பதால் பாதகமில்லை, விடுதலை. 1995-இல் ஊரே வாய்பிளந்து பார்த்த அந்த வளர்ப்பு மகன் கல்யாணத்துக்கு ஆன செலவு 6 கோடியே 45 லட்சம் என்றது காவல்துறை, 3 கோடி என்றது விசாரணை நீதிமன்றம். உயர் நீதிமன்றத்தில் அது 28 லட்சமாக இளைத்துவிட்டது.

அன்று மாலை அப்பா செய்தித்தாளை வைத்துக்கொண்டு, பட்டியலில் இருந்த கடன் தொகைகளைப் பென்சிலால் மூன்று முறை கூட்டினார். கீழிருந்து மேல், மேலிருந்து கீழ், பிறகு மறுபடியும். அலுவலகத்தில் அப்படித்தான் கூட்டுவாராம். "நான் இப்படிக் கூட்டியிருந்தால் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தம்பி, பெரியப்பா பிழைக்கத் தெரியாதவர் என்று எழுதினாயே, உன் கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாளில் முப்பதாயிரம் குறைந்தபோது அந்த மூன்று சென்ட் மனையை அடமானம் வைத்தது யார் என்று சித்தப்பாவைக் கேள். இதைப் பொதுவில் எழுதியிருக்கக் கூடாது, தெரியும். நீயும் பொதுவில்தான் எழுதினாய்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. முகநூலில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். பெட்டிகள் வண்டியில் ஏறுவதை மட்டும் தொலைக்காட்சியில் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, எடை போட்டுத்தானே வாங்கியிருப்பார்கள்? ரசீது இரண்டு பிரதி எடுத்திருப்பார்கள், இல்லையா?"

எடுத்திருப்பார்கள் அப்பா என்றேன்.