அப்பாவும் அம்மாவும் இருக்கிற பிள்ளையை யார் போய்ப் பார்ப்பது?

பஸ் ஸ்டாண்டில் ஆதரவில்லாமல் ஒரு குழந்தை கிடைத்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 15 நாளுக்குள் அதன் குடும்ப நிலவரத்தை விசாரித்து சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும், இல்லத்துக்கு அனுப்பினால் அந்த இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும், ஆய்வுக் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நடைமுறையில் இதில் எத்தனை ஓட்டை என்பது வேறு கதை. ஆனால் யார் பார்க்க வேண்டும் என்றாவது எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே ஊரில் அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி என்று எல்லோரும் இருக்கிற ஒரு பிள்ளை, பிரிந்துவிட்ட பெற்றோரில் யாரிடம் வளர்வது என்று குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது என்று வையுங்கள். அந்தப் பிள்ளையை வீட்டில் போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறான் என்று நீதிபதிக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. எனக்கு இதுதான் கோபம்.

ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று வக்கீல்கள் சொல்லும் காப்பாளர் மனு எந்தச் சட்டத்தில் ஓடுகிறது தெரியுமா? 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலிருப்போர் சட்டத்தில்! பிள்ளையின் நலனைப் பார்க்க வேண்டும், விவரம் தெரிந்த வயது என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்று 17ஆவது பிரிவில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையோடு இல்லாத பெற்றோர் எப்போது, எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் ஒரு நடைமுறையும் கிடையாது. சட்ட ஆணையம் 2015 மே மாதம் 257ஆவது அறிக்கையில் இதையெல்லாம் விரிவாக எழுதி, கூட்டுப் பொறுப்பு, மத்தியஸ்தம், சந்திப்புக்கான வழிகாட்டுதல் எல்லாம் சேர்க்கச் சொன்னது. அந்த அறிக்கை சட்டமாகவே ஆகவில்லை.

என் சித்தி பெண்ணுக்குத் துணையாக ஒரு குடும்ப நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம். சனிக்கிழமை காலை, அப்பா வந்து பார்க்கும் நேரம். அறை மூலையில் பிளாஸ்டிக் கூடையில் பொம்மைகள், அதில் ஒரு காருக்குச் சக்கரமே இல்லை. மேசையில் ஒரு நோட்டு, வந்த நேரம், போன நேரம், இரண்டு பேர் கையெழுத்து. பையன் இரண்டாம் வகுப்பு. அப்பா வாங்கி வந்த கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைத்தான். நான் என் தங்கை பக்கம்தான், சந்தேகமே வேண்டாம், ஆனாலும் அந்த ஆள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த நோட்டில் நேரம் எழுத இடம் இருந்தது, பையன் எப்படி இருந்தான் என்று எழுத இடம் இல்லை. அடுத்த வாய்தாவில் நீதிபதி கைக்குப் போனது இரண்டு மனு. பிள்ளையை எனக்கு எதிராகத் தூண்டிவிடுகிறாள் என்று ஒன்று, அப்பாவைப் பார்த்தாலே பயந்து நடுங்குகிறான் என்று இன்னொன்று. நான் பார்த்த பையன் அந்த இரண்டு மனுவிலும் இல்லை. நல்ல நீதிபதியாக இருந்தால் பிள்ளையைச் சேம்பருக்குக் கூப்பிட்டுப் பேசுவார், ஆனால் காலையில் வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியதைத்தான் அது அங்கே ஒப்பிக்கும், வேறென்ன செய்யும்? இதில் பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்று போக்சோ சட்டப் புகாரும் சேர்ந்துவிட்டால் இன்னும் சிக்கல். உண்மையான புகாரும் உண்டு, எதிராளியை மடக்கக் கொடுக்கும் புகாரும் உண்டு, அதனால்தான் இரண்டு தரப்பையும் சேராத ஒருவர் அந்தப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும் என்கிறேன்.

"இது மத்திய சட்டம், மாநிலம் என்ன செய்யும்" என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். திருமணம், விவாகரத்து, சிறார், தத்து எல்லாம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் 5ஆவது இனம் சார். 1967ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது மாநிலத் திருத்தம்தான். 1989ல் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்ததும் அப்படித்தான் (அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள், அது தனி வருத்தம்). டெல்லி அங்கே வந்து சேர்ந்தது 2005ல். மனம் இருந்த இடத்திலெல்லாம் நாம் செய்துதான் இருக்கிறோம்.

குழந்தைப் பாதுகாப்புக் கண்காணிப்பும் நமக்குப் புதுசு இல்லை. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. மாமல்லபுரம் பக்கத்து ஆதரவற்றோர் இல்லங்களைப் பற்றி 2007ல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியில் தொடங்கிய வழக்குதான், குழந்தைகள் இல்லங்கள் எல்லாம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் போய் முடிந்தது. இல்லத்துக்குள் எட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டோம், வீட்டுக்குள் இன்னும் இல்லை.

சரி, என்ன கேட்கிறேன்? வழக்கு பதிவானதும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் இரண்டு வீட்டுக்கும் போய், பள்ளியிலும் விசாரித்து, கெடு வைத்து அறிக்கை கொடுக்க வேண்டும். சந்திப்பு அறையில் கையெழுத்து வாங்க மட்டும் ஆள் வேண்டாம், கவனிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இடைக்கால உத்தரவு போட்ட பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை வழக்கு, எத்தனை வருஷம் இழுத்தது, எத்தனை பிள்ளையிடம் நேரில் பேசினார்கள் என்று பெயர் எதுவும் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வருஷா வருஷம் சட்டசபையில் வைக்க வேண்டும்.

"அறிக்கைக்கு ரேட் பேசுவாங்க சார்" என்று கமெண்ட் வரும், தெரியும். பேசுவார்கள்தான். அதற்காகத்தான் அறிக்கை நகல் இரண்டு தரப்புக்கும் போக வேண்டும், எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழி இருக்க வேண்டும். அப்புறம் பிள்ளை பாதி நாள் அம்மாவிடம், பாதி நாள் அப்பாவிடம் என்று அப்பாக்கள் சங்கத்துக்காரர்கள் கேட்கிற சரிபாதி நாள் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடி வாங்கி வெளியே வந்த பெண்ணின் பிள்ளைக்கும், மனஸ்தாபத்தில் பிரிந்த இரண்டு பேரின் பிள்ளைக்கும் ஒரே காலண்டர் எப்படிப் பொருந்தும்? போய்ப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கக்கூட வேண்டாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 6ஆவது பிரிவில், எத்தனை கவுன்சிலர்கள், என்ன வகைப் பணியாளர்கள் என்பதை உயர் நீதிமன்றத்தோடு கலந்து மாநில அரசே முடிவு செய்யலாம். 12ஆவது பிரிவில் குடும்ப நல நிபுணரின் உதவியை நீதிபதி கேட்டு வாங்கலாம். கேட்டால் அனுப்புவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதை மனுவாக எழுதி எங்கள் தொகுதி எம்எல்ஏ அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கி வைத்துக்கொண்டவர் "ரோடு விஷயமா, தண்ணி விஷயமா?" என்று கேட்டார்.