எட்டாம் தொகுதியில் முடியும் முன்னுரை

கடந்த ஓராண்டில் வாசித்த மாங்காக்களில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகளில், உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று யாரேனும் கேட்டால், மகோட்டோ யுகிமுராவின் ‘வின்லாண்ட் சாகா’ என்று தயங்காமல் சொல்வேன். 2005-இல் தொடங்கி 2025 ஜூலையில் நிறைவடைந்த தொடர் அது. மொத்தம் 29 தொகுதிகள். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். மாங்கா என்றாலே பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று நெடுங்காலம் நம்பியிருந்த என்னிடம் முதல் தொகுதிகளைக் கொண்டுவந்து கொடுத்தவன் என் அக்காள் மகன். கொடுக்கும்போதே, “எட்டாவதுக்கு மேல கதை ரொம்ப மெதுவாப் போகும் மாமா, பூரா பண்ணை வேலையா வரும், வேணும்னா தாண்டிடுங்க” என்று எச்சரித்தான். அவன் தாண்டச் சொன்ன அந்தப் பண்ணைப் பகுதிதான் இந்தத் தொடரை எனக்குப் பிடித்தமானதாக ஆக்கியது. அவனைப் போலவே பலரும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். வாசிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: தொடரின் முடிவை நான் சொல்லப்போவதில்லை, ஆனால் நடுப்பகுதியைச் சொல்லாமல் இதை எழுத இயலாது.

கதை 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்தில் நடக்கிறது. ஐஸ்லாந்துச் சிறுவன் தோர்ஃபின், தன் தந்தை தோர்ஸ் கண்ணெதிரே கொல்லப்படுவதைப் பார்க்கிறான். கொன்ற அஸ்கெலாட்டை நேருக்கு நேர் மோதிக் கொல்ல வேண்டும் என்ற ஒரே வெறியில், அவனுடைய கொள்ளைக் கூட்டத்திலேயே சேர்ந்து, அவன் ஏவிய கொலைகளையெல்லாம் செய்தபடி பத்தாண்டுகளுக்கு மேல் கழிக்கிறான். கடைசியில் அஸ்கெலாட் வேறொருவர் கையால் சாகிறான். பழிதீர்க்க ஆளே இல்லாமல் போன அந்த இளைஞன் அடிமையாக விற்கப்படுகிறான். அந்த இடத்தில் வரும் 54-ஆம் அத்தியாயத்துக்கு ஆசிரியர் வைத்திருக்கும் பெயர் ‘முன்னுரையின் முடிவு’. ஏறத்தாழ எட்டுத் தொகுதிகள் நீண்ட போர்க்களங்களையும் கடற்பயணங்களையும் முன்னுரை என்று ஒதுக்கிவைக்க ஒரு படைப்பாளிக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். அதுவரை நாம் ரசித்து வாசித்த சண்டைகளில் செத்தவர்களின் கணக்கை அவர் இனிமேல்தான் எடுக்கப்போகிறார்.

அடுத்து வருவது டென்மார்க்கில் கேதில் என்பவனின் பண்ணை. அங்கே தோர்ஃபினோடு அடிமையாக இருப்பவன் ஐனார். இங்கிலாந்தின் வடபகுதியில் உழுது பிழைத்தவன். தோர்ஃபினைப் போன்றவர்கள் அவன் ஊரைக் கொள்ளையிட்டதால்தான் அடிமையானவன். இருவரிடமும் ஒரு காட்டைக் காட்டி, மரங்களை வெட்டி நிலமாக்கிக் கோதுமை விளைவியுங்கள், விளைச்சலை நானே வாங்கிக்கொள்கிறேன், அந்தப் பணத்தில் உங்களை நீங்களே மீட்டுக்கொள்ளலாம் என்கிறான் கேதில். கொன்றவனும் கொள்ளை கொடுத்தவனும் ஒரே அடிமரத்தின் முன் நிற்கிறார்கள்.

அந்த அடிமரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரத்தை வெட்டிச் சாய்ப்பது எளிது. வேரைச் சுற்றிலும் தோண்டி, வேர்களை ஒவ்வொன்றாக வெட்டி, அடிக்கட்டையைப் பெயர்த்தெடுப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. யுகிமுரா அதை அவசரமில்லாமல் வரைகிறார். வளைந்த முதுகு, மண் அப்பிய கை, அசைந்து கொடுக்காத கட்டை. குதிரை இருந்தால் வேலை விரைவில் முடியும். கேட்டுப் போனால் பண்ணை வேலையாட்கள் எள்ளி நகையாடி விரட்டுகிறார்கள். கேதிலின் வயதான தந்தைதான், தன் வேலைகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு குதிரையைக் கொடுக்கிறார். ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற மிக எளிய கணக்கை, எடுத்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டிருந்த தோர்ஃபின் அங்கேதான் முதன்முதலாகக் கற்கிறான்.

தொடக்கத்தில் அவனுக்கு வாழும் எண்ணமே இல்லை. பண்ணைக் காவலாளி ஒருவன் வாளைச் சுழற்றி அவன் காதை அரிந்தபோதுகூட அவன் கை எழவில்லை. கண்ணில் அச்சமும் இல்லை. இரவுகளில் அலறி எழுகிறான், என்ன கனவு என்று கேட்டால் நினைவில்லை என்கிறான். தன் கையால் செத்தவர்கள் அத்தனை பேரும் அவனைப் பற்றிக்கொண்டு தொங்கும் அந்தக் கனவு வாசகருக்கு முழுமையாகக் காட்டப்படும்போது, நிலம் ஓரளவு திருந்தி, விதைத்த கோதுமை முளைவிட்டிருக்கிறது. அந்தப் பயிரையும் பொறாமை பிடித்தவர்கள் நாசம் செய்துவிட்டிருக்கிறார்கள். அகிம்சை என்ற பெரிய சொல்லை யாரும் அவனுக்குப் போதிக்கவில்லை. ஒரு பயிர் முளைத்து வரும் காலம் வரைக்கும் ஓரிடத்தில் நின்றவனுக்கு, அதை மிதிப்பது எத்தகைய செயல் என்பது உடம்பிலேயே உறைக்கிறது. இதற்கு மெதுவான நடைதான் பொருந்தும். தொடர் முதலில் வார இதழில் தொடங்கி, சில மாதங்களிலேயே ‘ஆஃப்டர்நூன்’ என்ற மாத இதழுக்கு மாறியது. வாரம் ஓர் அத்தியாயம் என்ற ஓட்டத்தில் இப்பகுதியை இப்படி வரைந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பண்ணைப் பகுதியின் இறுதியில், கேதிலின் நிலத்தைப் பறிக்க டென்மார்க் மன்னன் கனூட் படையோடு வருகிறான். அவனைச் சந்தித்துப் பேசுவதற்காகத் தோர்ஃபின் கொடுக்கும் விலை, மலை போன்ற ஒரு வீரனிடம் நூறு குத்துகளைத் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்வது. இதை மிகைநாடகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. எதிரி என்று எவரும் இல்லை என அவன் தந்தை சிறுவயதில் சொன்னதை, தந்தையைப் பறிகொடுத்த மகன் இத்தனை ஆண்டுகள் கழித்துத் தன் வாயால் சொல்லும் இடம் அது. எட்டுத் தொகுதிகளின் ரத்தத்தையும் அதற்குப் பிறகான மண்வேலையையும் கடந்து வந்தவருக்கு மட்டுமே அச்சொல்லின் எடை தெரியும். பண்ணையைத் தாண்டிப் போய் இக்காட்சியை மட்டும் பார்த்தால், அடி வாங்குவதில் கெட்டிக்காரனான ஒருவன்தான் தெரிவான்.

அதன் பின் பால்டிக் கடலோரத்தில் நடக்கும் கதைப்பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சண்டைகள் மீண்டும் கையோங்கிவிட்டன. அதற்கு முன் வரும் ஹில்ட் என்ற வேட்டைக்காரப் பெண்ணை மட்டும் மறக்க முடியாது. தன் தந்தையைக் கொன்றவன் தோர்ஃபின் என்று தெரிந்ததும் அவனைத் துரத்திப் பிடித்து, குறுக்குவில்லை நீட்டி நிற்கிறாள். கடைசியில் அம்பை எய்யாமல், உன்னைக் கண்காணித்தபடி உடன் வருவேன் என்கிறாள். மன்னிப்பு அங்கே கேட்டவுடன் கிடைப்பதில்லை. திருந்தியவன் என்பதற்காக அவனுக்கு எந்தச் சலுகையும் தராத ஆசிரியரின் நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

இறுதிப் பகுதி வின்லாண்ட். போரும் அடிமைத்தனமும் இல்லாத ஒரு நாட்டை உருவாக்கக் கடல் கடந்து, இன்றைய கனடாவின் கிழக்குக் கரையை அடைகிறார்கள். கனவு எவ்வளவு தூயதாக இருந்தாலும், அந்த மண்ணில் ஏற்கெனவே மக்கள் வாழ்கிறார்கள். யுகிமுரா அவர்களை ‘ல்நு’ என்றே அழைக்கிறார். அந்தக் கரையின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்கள் தங்களைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் அது. வந்தவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் அவர்களைத் தொடர்ந்து பின்னாளில் என்னென்ன வரும் என்பது அம்மக்களில் ஒரு முதியவருக்குத் தரிசனமாகத் தெரிகிறது. அவரை வில்லனாக்கியிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். அவர் அஞ்சுவது முற்றிலும் நியாயமானது என்று வாசகரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத்தான் ஆசிரியர் மேலே செல்கிறார். கதைநாயகனுக்கு மூலமான தோர்ஃபின் கார்ல்செஃப்னி, ஐஸ்லாந்தின் பழங்கதைகளான சாகாக்களில் வரும் பெயர். அந்தச் சாகாக்களில் அவர்கள் சில ஆண்டுகளில் திரும்பிவிடுகிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் வைக்கிங்குகள் குடியிருந்த லான்ஸ் ஓ மெடோஸ் என்னுமிடத்தில் கிடைத்த, உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகள் 1021-ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று 2021-இல் அறிவியலாளர்கள் உறுதிசெய்தார்கள். வந்தவர்கள் அங்கே நிலையாகத் தங்கவில்லை என்பது தெரிந்த வரலாறு. தெரிந்த முடிவை நோக்கி இருபது ஆண்டுகள் பொறுமையாக ஒருவர் வரைந்துகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, எட்டு முதல் பதினான்கு வரையிலான தொகுதிகளை மட்டும் தனியாகக் கட்டி, மறுபடி இதிலிருந்து தொடங்கு என்று அக்காள் மகனிடம் சொன்னேன். முகம் சுளித்தபடி வாங்கிக்கொண்டு போனான். போன வாரம் தொலைபேசியில் அழைத்தவன், கதையைப் பற்றி எதுவும் பேசாமல், “அந்தக் கட்டையை எடுக்க எத்தனை நாள் ஆயிருக்கும் மாமா?” என்று மட்டும் கேட்டான்.