அம்மாவைப் பார்க்கும் மகளுக்குச் சம்பளம் கொடுங்கள்

தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதே வழக்கம். மகளுக்குக் கலியாணம் முடிந்தால் மருமகன் இங்கே வருவார். வீட்டை எழுதிக் கொடுத்த தாய் தகப்பன் அதே வளவுக்குள் பின்பக்கமாக ஒரு அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது கடைசி மகளோடு இருந்துவிடுவார்கள். இதைச் சீதனம் என்று மட்டும் சொல்லித் திட்டுகிறவர்கள் உண்டு. திட்ட வேண்டியதும் அதில் இருக்கிறது. ஆனால் அதற்குள் முதுமைக்கான ஏற்பாடும் ஒன்று இருந்தது: வீட்டைக் கொடு, கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஆள் இருக்கும்.

அக்கா, தங்கை, பெரியம்மா, சின்னம்மா என்று வளவுக்கு நாலு பெண்கள் இருந்த காலத்தில் அது ஓடியது. இப்போது ஒருத்தி லண்டனில், ஒருத்தி கட்டாரில். ஊரில் மிஞ்சிய ஒருத்தியின் தலையில் எல்லாம் விழுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை கார்மென்ட்ஸில் வேலை செய்தாள். தாய்க்குப் பக்கவாதம் வந்தது, வேலையை விட்டாள். "அவள் வீட்டில்தானே இருக்கிறாள்" என்பது அண்ணன்மாரின் கணக்கு. வெளிநாட்டிலிருந்து மருந்துக்கும் பம்பர்ஸுக்கும் காசு வருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் இழந்தது சம்பளம் மட்டும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி போடுகிற 3 வீதம். அத்தனையும் அந்த மாதத்தோடு நின்றது. தாயின் முதுமையைப் பார்க்கிற இந்தப் பிள்ளையின் முதுமைக்குப் போட்டு வைத்தது எங்கே? அந்தக் கணக்கை அண்ணன்மார் யாரும் பார்த்ததில்லை.

இதே ஊரிலிருந்து எத்தனை பெண்கள் மத்திய கிழக்குக்குப் போய், அங்குள்ள கிழவிகளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் எழும்பித் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்! அங்கே அது வேலை, மாதம் முடியச் சம்பளம். இங்கே செய்தால் கடமை.

அரசாங்கம் இருக்கிறதே என்பீர்கள். ஆஸ்பத்திரி இலவசம், உண்மை. பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கோ கிளினிக்குக்கோ யாரும் காசு கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான் செலவே தொடங்குகிறது. தூக்கி இருத்த ஆள் வேண்டும், ஆட்டோ வேண்டும், முதுகில் புண் வராமல் பார்க்க வேண்டும். 70 வயது தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கான கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 3000 ரூபாவிலிருந்து 5000 ஆக்கினார்கள். நல்லது. படுக்கையில் இருக்கிறவருக்கு அது எந்த மூலைக்கு?

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு கேட்டு பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். எந்தத் தாய் பெற்ற பிள்ளைக்கு எதிராக அங்கே போய் நிற்பாள்? அதே 2000இல்தான் ஜப்பான் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் கட்டுகிறார்கள், தேவை வரும்போது செலவின் பெரும்பகுதியை அது பார்த்துக்கொள்கிறது. அவர்கள் உண்டியல் வைத்தார்கள், நாங்கள் முறைப்பாட்டுப் பெட்டி வைத்தோம்.

லண்டனில் எல்லாம் அரசாங்கமே பார்க்கும் என்று கதைப்பவர்களுக்கும் ஒன்று. வைத்தியம்தான் இலவசம். இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சொத்து உள்ளவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால் பொதுவாக முழுச் செலவும் அவருடையதுதான். தனியாக இருந்தவர் என்றால் பெரும்பாலும் வீட்டையும் சொத்தாகக் கணக்கெடுப்பார்கள். அங்கே பலர் வீட்டை விற்றுத்தான் கட்டுகிறார்கள்.

முதியோர் இல்லத்தைக் கேவலமாகப் பேசுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. "கொண்டுபோய் மடத்தில் விட்டுட்டான்" என்று ஊர் கதைக்கும். பகல் முழுக்க வீட்டில் தனியே பூட்டிக் கிடப்பதைவிட, நாலு பேரோடு நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பது எவ்வளவோ மேல். எங்கள் பக்கம் அப்படியான, காசு கொடுத்தாவது நம்பி விடக்கூடிய இடங்கள் போதாது. அதற்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.

அது வரும்வரை ஒவ்வொரு குடும்பமும் தானே பார்க்க வேண்டியதுதான். அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே பிள்ளைகள் கூடிக் காசைக் கதையுங்கள். வட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்பும் குழுவிலேயே கதைக்கலாம். மருந்துக் காசு வேறு, பார்க்கிறவளின் மாதக் காசு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு அனுப்பினால் அவள் தனக்கென்று ஒரு சதமும் எடுக்கமாட்டாள். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து அதில் போடுங்கள். கிழமையில் ஒரு நாளாவது ஆள் வைத்து அவளுக்கு ஓய்வு கொடுங்கள். வீட்டை எழுதிக் கொடுக்கும் பெற்றோரே, நொத்தாரிசிடம் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை, உறுதியில் போடச் சொல்லுங்கள். மகள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நாளைக்கு அந்த வீடு ஈட்டுக்கோ விலைக்கோ போனாலும் நீங்கள் இருக்கும் உரிமை போகாது.

"பெத்த தாயைப் பார்க்கக் காசா?" என்று கீழே எழுத வருகிறவர்கள், முதலில் ஒரு மாதம் லீவு போட்டு வந்து தங்கச்சியை அனுப்பிவிட்டு நீங்கள் நில்லுங்கள். அப்புறம் கதைப்போம்.