வைக்கோல் தொப்பிக் கொடியை ஏற்றியது யார்?

அனிமே எனும் ஜப்பானிய அசைபடங்களும் மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளும் ஜப்பான் அரசு கணக்குப் போட்டு உலகம் முழுக்க அனுப்பி வைத்த பண்பாட்டு ஆயுதங்கள் என்று விவரம் தெரிந்தவர்களே எழுதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அவை எங்கே ஆழமாக வேர்விட்டனவோ, அங்கெல்லாம் வேர்விடச் செய்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள்தான்.

பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் ஜப்பானில் ஒளிபரப்பான 'வோல்டஸ் ஃபைவ்', பொம்மை விற்பனையை நம்பி எடுக்கப்பட்ட ரோபோ தொடர். ஐந்து ஊர்திகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரு ராட்சத ரோபோவாக எழுந்து நிற்கும். கதையில் வரும் எதிரிகள் வேற்றுக்கிரகப் பேரரசினர். அங்கே கொம்பு முளைத்தவன் பிரபு, கொம்பில்லாதவன் அடிமை. 1978இல் இது பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சிக்கு வந்தபோது நாடு அதிபர் மார்க்கோஸின் இராணுவச் சட்டத்தில் கிடந்தது. பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. தொடக்கப் பாடலை ஜப்பானிய மொழியிலேயே, ஒரு வரிக்கும் பொருள் தெரியாமல், மனப்பாடமாகப் பாடித் திரிந்தார்கள்.

1979இல் மார்க்கோஸ் அதைத் தடை செய்தார். வன்முறை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். மிச்சமிருந்ததோ சில அத்தியாயங்கள்தான். அடிமைகள் கிளர்ந்தெழுந்து பேரரசைக் கவிழ்ப்பது அவற்றில்தான் வருகிறது! சர்வாதிகாரி அந்த முடிவுக்குப் பயந்தாரா, பெற்றோரின் புகாருக்கு இசைந்தாரா என்று அங்கே இன்னமும் வாதிடுகிறார்கள். எப்படியோ, முடிவைப் பார்க்கவிடாமல் பிடுங்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அந்த ரோபோ அரசியல் நினைவாகிவிட்டது. 2023இல் பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சி நிறுவனமே நடிகர்களை வைத்து அதை மீண்டும் எடுத்தது. முதலில் எடுத்தது ஜப்பான் என்றாலும் அதற்கு அந்தப் பொருளைக் கொடுத்தது மணிலாதான்.

2025இல் நடந்ததும் அதே வகைதான். எய்ச்சிரோ ஓடா 1997 முதல் வரைந்துவரும் 'ஒன் பீஸ்' மங்காவின் கடற்கொள்ளையர் கொடி, வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோடு. இந்தோனேசியாவின் 80ஆவது சுதந்திர நாள் நெருங்கிய வேளையில், அரசின் மீது கோபம் கொண்ட லாரி ஓட்டுநர்கள் அதைத் தங்கள் வண்டிகளில் கட்டினார்கள். நாட்டைப் பிளக்கும் சதி என்று சில அரசியல்வாதிகள் கொதித்தார்கள். அடுத்த மாதமே, நேபாள இளைஞர்கள் அரசை எதிர்த்துக் கிளர்ந்தபோது, அந்தக் கொடி காத்மாண்டுவில், அரசின் தலைமையகமான சிங்க தர்பார் வாசலில் தொங்கியது. அரசை எதிர்த்துப் போராடிய மடகாஸ்கர் இளைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: வைக்கோல் தொப்பியைக் கழற்றிவிட்டு, தங்கள் நாட்டின் பெட்சிலேயோ மக்களின் பாரம்பரியத் தொப்பியை மண்டையோட்டுக்கு மாட்டிவிட்டார்கள். இதையெல்லாம் தோக்கியோவில் எந்த அதிகாரியால் திட்டமிட்டிருக்க முடியும்?

அரசு திட்டமே போடவில்லை என்று சொல்லமாட்டேன். ஜப்பானியப் பண்பாட்டை வெளிநாடுகளில் பரப்ப, 'கூல் ஜப்பான்' என்ற பெயரில் 2013இல் ஒரு முதலீட்டு நிதியத்தையே தொடங்கினார்கள். 2022 மார்ச் வரையிலான கணக்கில் அதன் திரண்ட நட்டம் 3,000 கோடி யெனுக்கு மேல். அனிமே உலகெங்கும் பிய்த்துக்கொண்டு ஓடிய அதே ஆண்டுகளில்!

என்னை உறுத்துவது வேறொன்று. பெரும்பாலான அனிமே தொடர்களின் உரிமை பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம் எல்லாம் சேர்ந்த தயாரிப்புக் குழுவிடம் இருக்கிறது. படம் வரையும் ஸ்டுடியோவுக்குப் பெரும்பாலும் பேசிய கூலி மட்டுமே. இரண்டு அசைவுகளுக்கு இடையிலான படங்களைத் தாள் கணக்கில் வரையும் இளைஞருக்கு ஒரு தாளுக்குச் சில நூறு யென் கிடைத்தால் உண்டு. நிதியத்தின் பணத்தில் ஒரு பங்கையாவது அந்த மேசைகளுக்குத் திருப்பிவிட்டிருக்கலாம்.