கவச வாகனம் இருந்தால் ஜீப் எதற்கு?

"கவச வாகனத்தை எந்தக் குண்டும் துளைக்காது, கண்ணிவெடியும் ஒன்றும் செய்யாது. ராணுவங்கள் இன்னும் லேசான வாகனங்களை வாங்குவது வெறும் கஞ்சத்தனம்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

கவசம் என்பது ஒரே பொருள் அல்ல, அதில் படிநிலைகள் உண்டு. நேட்டோவின் ஸ்டானாக் 4569 தரத்தில் முதல் நிலைக் கவசம் 7.62 மி.மீ. சாதாரணத் துப்பாக்கித் தோட்டாவைத் தாங்கும். 14.5 மி.மீ. கவசத் துளைப்புத் தோட்டாவைத் தாங்க நான்காம் நிலை வேண்டும். கண்ணிவெடிக்குத் தனி அளவுகோல்: இரண்டாம் நிலை 6 கிலோ வெடிமருந்துக்கு, நான்காம் நிலை 10 கிலோவுக்கு. அதற்கு மேல் வெடித்தால் உத்தரவாதம் இல்லை. 'வி' வடிவ அடித்தட்டு வெடிப்பின் விசையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். ஆனால், உலோகத்தைத் துளைப்பதற்கென்றே செய்யப்பட்ட வெடிபொருளை அது நிறுத்தாது.

பாதுகாப்பு கூடக்கூட எடையும் கூடும். பகிர்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஈராக்கின் சாலைகளுக்காக அமெரிக்கா அவசரமாக வாங்கிய, கண்ணிவெடியைத் தாங்கும் கனரகக் கவச வாகனங்களான எம்ராப்கள் பல உயிர்களைக் காத்தன, மறுக்க முடியாது. ஆனால் ஆப்கானிஸ்தானின் மலைப்பாதைகளில் அந்தக் கனமும் உயரமும் கவிழும் ஆபத்தாயின. அதனால்தான் 2009-இல் எடை குறைந்த எம்ராப் வகையான எம்-ஏடிவி தருவிக்கப்பட்டது.

லேசான வாகனத்தை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டு செல்லலாம், பலவீனமான பாலத்திலும் ஓட்டலாம். எனவே நவீனமயமாக்கும் ராணுவங்கள் இரு வகையையும் சேர்த்தே வாங்குகின்றன. விலையும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அல்ல.